மந்திரம் தெரியாத பாரவண்டிக்காரன்

இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி ஒன்று மாவுக்கட்டுக்குள் நுழைந்து தோலைச் சுரண்டும் 'சரக் சரக்' சத்தம்தான், எனக்குப் பதின்மூன்று வயதான அந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாவின் வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை கட்டு. உள்ளே அரிப்பு, வெளியே விடாத மழை. சுங்கை சோ என்ற ஊரில் எங்களுடையது மலிவுவிலை வீடு. கூடத்தில் மெத்தையைப் போட்டு அவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் சுவரோரமாகத்தான் போகவேண்டும். அப்படியும் என்னால் உட்கார முடியவில்லை. சன்னலுக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "கால்ல சக்கரத்த கட்டிக்கிட்டா பொறந்த?" என்று அம்மா கேட்பார். அவரும்தான் மடித்த துணியையே எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருப்பார்.

அப்பா அரிசி லோரி ஓட்டியவர். செகிஞ்சான் ஆலையில் மூட்டை ஏற்றி ரவாங் கடைகளுக்குக் கொண்டுவருவார். அவருக்குத் துணையாக, மூட்டைகளுக்குக் கயிறு கட்டவும் இறக்கவும் போகிற "கெலிண்டான்" மணி அண்ணன். ஏழு வருடம் ஒரே வண்டியில் போனவர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது மணி அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு மத்தியானம், சுங்கை புரோங் வயல்களுக்கு நடுவே போகும் சாலையில் லோரி ஓரத்துக் கால்வாயில் கவிழ்ந்தது. அப்பாவுக்குக் கால் முறிந்தது, மணி அண்ணனுக்கு முழங்கை சிராய்ப்பு. கயிறு சரியாகக் கட்டாததால் மூட்டைகள் ஒரு பக்கம் சரிந்துவிட்டன என்று அப்பா முதலாளியிடம் சொன்னார். மணி அண்ணனுக்கு வேலை போயிற்று. எங்களுக்கும் அதுதான் தெரியும். மணி அண்ணன் மட்டும் ஒருமுறைகூட அப்பாவைப் பார்க்க வரவில்லை. "வர மூஞ்சி இருக்காது" என்றார் அம்மா.

அந்த நாட்களை ஓட்ட எங்களுக்குக் கிடைத்தது ஒரு விளையாட்டு. நான்காம் படிவம் முடித்திருந்த என் அண்ணன் தினேஷ், பள்ளி நண்பன் ஒருவனிடமிருந்து ஒரு கட்டு விதித்தாள்களை நகலெடுத்து வந்திருந்தான். திரை கிடையாது, பொத்தான் கிடையாது. தாள், பென்சில், இருபது முகம் கொண்ட ஒரு பகடை. அண்ணன் கதையை நடத்துவான். நானும் எதிர்வீட்டு மோகனும் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் புகுந்து பூதக்காட்டையும் பாழ்கோட்டையையும் கடக்கவேண்டும். நினைத்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பாத்திரம் வீரனா, திருடனா, மந்திரவாதியா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வதற்குப் பெயர் "கிளாஸ்".

நான் மந்திரவாதி. மோகனின் வீரன் பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொள்வான், நான் ஒரு சொல் சொல்வேன், எலும்பு கூடிவிடும். இரண்டடி தள்ளி அப்பா குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்க, அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் ஏறியது. நாலாம் நாள் தாளைத் தூக்கிப் போட்டேன்.

"எனக்கு மந்திரமே இல்லாத ஆளு வேணும். கத்தியும் வேணாம்."

"அப்புறம் என்னா இருக்கு அவன்கிட்ட? மொத நாளே செத்துப்போயிருவான் லா" என்று சிரித்த அண்ணன், "வேணும்னா நீயே ஒரு கிளாஸ் எழுதிக் கொண்டா, பாக்கலாம்" என்றான்.

பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அன்றே எழுத உட்கார்ந்தேன். பாரவண்டிக்காரன் என்று பெயர் வைத்தேன். எருமை பூட்டிய வண்டியில் எல்லோருடைய மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, எந்த வழியிலும் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். அவனுக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியவில்லை, அப்பாவைத்தான் கேட்கவேண்டியிருந்தது. விபத்துக்குப் பிறகு அப்பா தண்ணீர் கேட்பதைத் தவிர வாய் திறப்பதில்லை. ஆனாலும் கேட்டேன். ரோட்டில் தண்ணீர் நின்றால் ஆழம் எப்படித் தெரியும்? "முன்னுக்குப் போற வண்டியோட டயர பாரு." சேற்றில் சிக்கினால்? "பெடல அமுக்காத. அமுக்குனா இன்னும் எறங்கும்." இப்படித் துண்டு துண்டாக வந்த பதில்களை விதிகளாக்கினேன். பாரவண்டிக்காரன் வெள்ளத்தின் ஆழத்தைப் பார்வையாலேயே அளப்பான். ஒருமுறை போன வழியை மறக்கமாட்டான். அவன் வண்டியில் தூங்குகிறவர்களின் காயம் இருமடங்கு வேகத்தில் ஆறும்.

அண்ணன் இரண்டு முறை திருப்பிக் கொடுத்தான். முதல் முறை, பலம் கூடிவிட்டது என்று. இரண்டாம் முறை, "இவனுக்கு ஒரு பலவீனம் வேணும் செல்வி. பலவீனமே இல்லாத ஆள வெளையாட்டுல விடமாட்டேன்" என்று. மெதுவாகப் போவான் என்றேன், சப்பென்று இருக்கிறது என்றான். இருட்டுக்குப் பயப்படுவான் என்றேன், மோகன் சிரித்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து இரண்டு தடவை வாசல்வரை போய் வந்து, நின்றபடியே எழுதி, உரக்கப் படித்தேன்: "கூட வருபவன் கயிற்றை ஒழுங்காகக் கட்டாவிட்டால், வண்டி கவிழும்."

"இது ஓக்கே" என்றான் மோகன்.

சுரண்டும் சத்தம் நின்றது.

"அத அடி" என்றார் அப்பா.

நான் விளங்காமல் பார்த்தேன்.

"அடிச்சிட்டு, தூக்கம்னு எழுது. மத்தியானத்துல வரும். மூணு மூச்சு நேரம் கண்ணு மூடும், அவனுக்கே தெரியாது. கயிறெல்லாம் நல்லாத்தான் கட்டியிருந்தான்." அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மணி எப்பவும் பேசிக்கிட்டேதான் வருவான், நான் தூங்கக்கூடாதுன்னு. அன்னைக்கு நான்தான், கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு வாடான்னேன்."

மோகன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மழையிலேயே செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டான். அம்மா அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நின்றார்.

"அவன் பொண்டாட்டிய கோயில்ல வச்சு நான் என்னா பேச்சு பேசினேன் தெரியுமா உங்களுக்கு? நாலு பேரு முன்னுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம படுத்திருந்தீங்க?"

அம்மா சத்தம் போட்டு அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார், கழுவியவற்றையும் சேர்த்து. நான் நோட்டை மூடவும் பயந்து கையிலேயே வைத்திருந்தேன். நான் எழுதிய ஒரு வரியால் வீடு உடைந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கட்டு பிரிக்கும்வரை இருக்கலாம் என்று அண்ணன் சொன்னதைக் கேட்காமல், மோகனின் அப்பாவைக் கெஞ்சி, அவருடைய காரின் பின்னிருக்கையில் காலை நீட்டிக்கொண்டு புறப்பட்டார். அந்தக் காலைத் தாங்கிப் பிடிக்க என்னை இடுக்கில் உட்காரவைத்தார்கள். கூப்பிடாமலேயே அம்மா முன்னால் ஏறிக்கொண்டார். செகிஞ்சான் ஆலை வாசலில் முதலாளி காருக்குப் பக்கத்தில் வந்து நின்று, அப்பா மலாய் மொழியில் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு அப்பாவின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மணியைத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். அப்பாவுக்கு இனி லோரி இல்லை என்றும் சொன்னார். அப்பா அதை முன்பே அறிந்தவர்போல் தலையாட்டினார்.

திரும்பும் வழியில், கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த மணி அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் தகரக் கதவுக்கு உள்ளேயே நின்றார். அப்பா காரிலிருந்து இறங்க முயன்றபோது, "எறங்காதீங்கண்ணே, காலு" என்றார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். மணி அண்ணன் கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டே கேட்டார். "சரிண்ணே. மழ வருது, போயிட்டு வாங்க" என்றார். அம்மா மட்டும் நனைந்தபடி கதவருகில் நின்று, "தங்கச்சி, தங்கச்சி" என்று உள்ளே பார்த்து மணி அண்ணனின் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் வெளியே வரவில்லை.

முதலாளி கூப்பிட்டும் மணி அண்ணன் ஆலைக்குத் திரும்பவில்லை. அப்பா கட்டுப் பிரித்த பிறகு ரவாங்கில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். விடுமுறையின் கடைசி வாரத்தில் அண்ணன் தூக்கத்தை முறையான விதியாக எழுதிக் கொடுத்தான்: மத்தியானப் பயணத்தில் பகடை ஐந்துக்குக் கீழே விழுந்தால் வண்டிக்காரனின் கண் மூடும். மோகன் மறுபடி விளையாட வந்தான். அவனுடைய வீரன், தன் ஓய்வை விட்டுக்கொடுத்து, வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தான். பள்ளி திறந்த பிறகு நாங்கள் யாரும் பகடையைத் தொடவில்லை.

இப்போது அண்ணன் ஜொகூரில் இருக்கிறான். மோகன் வீட்டில் வேறு குடும்பம். அந்த நோட்டு, வீட்டுக்குச் சாயம் அடித்தபோது பழைய தாள்காரரிடம் போய்விட்டது. போன தீபாவளிக்கு முன்பு, ரவாங் சந்தையில் மீன் வாங்க அப்பாவோடு நின்றிருந்தேன். கூட்டத்துக்கு அந்தப்பக்கம் மணி அண்ணன், தலை நரைத்து, கையில் ஒரு முருங்கைக்கீரைக் கட்டோடு. அப்பா சட்டென்று கையைத் தூக்கினார். மணி அண்ணன் பார்த்தார், தலையை அசைத்தார், பிறகு அடுத்த வரிசைக்குள் திரும்பிப் போய்விட்டார்.

"பாத்தான்ல?" என்றார் அப்பா.

"பாத்தாருப்பா."

மீன்காரர் இரண்டு முறை கூப்பிடும்வரை அப்பா தூக்கிய கையை இறக்கவில்லை.