ஹெலன் முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்?

ஜெசிந்தா பொத்தேரியில் பெண்கள் விடுதி ஒன்றின் மெஸ்ஸில் சமையல்காரி. படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பிய கவியா என்ற மாணவி, "எங்கிட்ட வேற இருக்குக்கா, நீங்க வச்சுக்கோங்க" என்று தன் பழைய கேமராவை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான், நாற்பத்து மூன்று வயதில் ஜெசிந்தாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

முதலில் வெள்ளைத் துணியில் அவித்த இட்லியைப் படமெடுத்தாள். சாம்பல் நிறத்தில் வந்தது. தோசைக்கல்லை எடுத்தாள். அதுவும் சாம்பல்! சுருக்கென்று உறைத்தது. தானே அளவு பார்த்துக்கொள்ளும் ஆட்டோ முறையில் விட்டால் இந்தக் கேமராவுக்கு எது வெள்ளை, எது கருப்பு என்று தெரியாது. எல்லாவற்றையும் இழுத்து நடுவாந்திரமாக்கிவிடும்.

"அட மக்கு!" என்று அதைக் கொஞ்சிவிட்டு, எல்லாவற்றையும் கையால் திருப்பி வைக்கிற மேனுவலுக்கு மாற்றினாள். லென்ஸ் துளையை விரித்தால் வெளிச்சம் கூடுகிறது. ஷட்டரைச் சட்டென்று மூடினால் குறைகிறது. ஐஎஸ்ஓவை ஏற்றினால் இருட்டிலும் படம் விழுகிறது, ஆனால் ரவை தூவினதுபோல் புள்ளி தட்டுகிறது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். உப்பு, புளி, காரம்தானே இது! இதற்கா போட்டோ சொல்லித்தருகிற வீடியோக்களில் இத்தனை பேர் தொண்டை கிழியப் பேசுகிறார்கள்? அவளுக்கு ஒரே குஷி.

அக்கா ஹெலனுக்கு இந்தக் குஷி எப்படியோ எட்டிவிட்டது. ஐம்பத்தைந்து வயது ஹெலன் ஒரு காலத்தில் மதுராந்தகம் பக்கம் நாற்று நட்டவள். இப்போது ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. அடுத்த வாரம் சதுரங்கப்பட்டினம் கடலில் அவளுக்கு முழுக்கு ஞானஸ்நானம். அவளுடைய கல்யாணப் படத்தில் கருத்த முகம் இருட்டோடு போய்ச் சேலையும் பல்லும்தான் தெரியும். மகள் கல்யாணத்தில் ஸ்டூடியோக்காரர் வெளுத்துக் கொடுத்த முகம் யாருடையது என்று இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது.

"ஒரு போட்டோலயாச்சும் என் மூஞ்சி தெரியணும்டி ஜெசி. இன்னொரு வாட்டிலாம் முழுக முடியாது, ஆமா."

கடலில் முழுகும்போது வெள்ளைச் சேலை, முதுகுக்குப் பின்னால் காலைச் சூரியன். படத்துக்கு இதைவிட மோசமான இடம் தேடினாலும் கிடைக்காது. அந்த ஞாயிறே விடிந்தும் விடியாமலும் அக்காவைக் கொளவாய் ஏரிக்கரைக்கு இழுத்துப் போனாள் ஜெசிந்தா. சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்தாள். ஆட்டோவில் எடுத்தால் அக்கா கரிக்கட்டை. வானம் வெளுத்தால் வெளுத்துப் போகட்டும், அக்கா முகம் வரட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். முகம் வந்தது! நெற்றிச் சுருக்கம், கன்னத்து மரு, எல்லாம் வந்தது. ஏரிக்கரை என்றும் பாராமல் குஷியில் துள்ளினாள். கேமராவில் வைத்திருந்த எண்களை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள். படத்தை அக்காவுக்குக் காட்டவில்லை.

அடுத்த ஞாயிறு காலை சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் வேனிலிருந்து இறங்கிய ஹெலனைக் கண்டதும் ஜெசிந்தா ஓடிப்போய் மறித்தாள். அரை டப்பா பவுடர் முகத்தில் இருந்தது.

"இன்னாக்கா இது?"

"போட்டோவுக்குதான். பவுடர் இல்லாம நான் எந்த போட்டோல தெரிஞ்சிகீறேன்?"

"தொடச்சிடுக்கா. உன் மூஞ்சிக்குதான் நான் கணக்கு பண்ணி வச்சிகீறேன்."

"போடி, பாஸ்டர் கூப்ட்டுகினு கீறாரு."

ஹெலன் தண்ணீரில் இறங்கிவிட்டாள். ஜெசிந்தா எழுதி வைத்த எண்களிலேயே ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை வட்டம். வெளிச்சத்தைக் குறைக்கக் கேமராவின் சக்கரத்தில் விரலை வைத்தாள். "பேஜாரு இன்னாத்துக்கு, ஆட்டோல போடுங்க" என்று பின்னாலிருந்து யாரோ யோசனை சொன்னார்கள்.

அப்போதுதான் புத்தியில் தட்டியது. முழுகப் போகிறவள்தானே! கடல் பவுடரை விட்டுவைக்குமா? ஒருவேளை போகாவிட்டால்? போகும். போயே ஆக வேண்டும். அவள் சக்கரத்திலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

பாஸ்டர் பன்னீர்செல்வம் ஹெலனின் தலையைத் தாங்கித் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். ஜெசிந்தா பட்டனில் விரலை வைத்துக் குறி பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தோடு ஹெலன் எழுந்தாள். சடசடவென்று ஏழு படம்!

கரையேறிய ஹெலன் சேலையைக்கூடப் பிழியாமல் நேரே வந்தாள். ஜெசிந்தா கேமராவின் திரையைக் காட்டினாள். வானமும் கடலும் வெளுத்துப் போயிருந்தன. நடுவில் கன்னங்கரேலென்று, ஈரம் மின்ன, மருவும் சுருக்கமுமாக ஒரு முகம்.

"பவுடர்லாம் பூட்ச்சாடி?"

"பூட்ச்சிக்கா."

ஹெலன் வெகுநேரம் பார்த்தாள். தன் கன்னத்தைத் தடவினாள். மறுபடி பார்த்தாள்.

"நான் இவ்ளோ அழகாவாடி கீறேன்? இத்தினி வருசத்துல ஒருத்தர்கூட சொல்லலியே!"