பஸ்ஸில் வந்த அக்காவின் போன்

இன்று காலை சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் இருந்தபோது அமெரிக்காவிலிருந்து அக்காவின் போன். "ஏய், கம்பெனிக்கே என்னை ஹெட் ஆக்கிட்டாங்கடி!"

நான் போட்ட கத்தலில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

மாமாவோடு போய், வேலை செய்ய விசா இல்லாமல் வருடக்கணக்கில் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவள். விசா கிடைத்ததும் இதே கம்பெனியில் வரவேற்பறையில்தான் வேலைக்குச் சேர்ந்தாள்.

"இன்னா கம்பெனிமா அது?" என்று கேட்டார் பக்கத்து சீட்டிலிருந்த பங்காருபாளையத்து அம்மா.

"புதுசா தொழில் தொடங்கறவங்களுக்குப் பணம் போடற கம்பெனிம்மா."

"நான்கூட மாம்பழ ஜூஸ் பேக்டரி போடலாம்னு கீறேன். கேட்டுப் பாரேன்!"

அது அக்கா காதில் விழுந்துவிட்டது. "போனை அவங்க கையில குடுடி. ஹெட் ஆனதும் நான் கேக்கற மொதல் ஐடியா அவங்களுதுதான்."

திருப்பதி வரும்வரை இருவரும் பேச்சை நிறுத்தவே இல்லை. நான் இன்னும் அவளுக்கு வாழ்த்துகூடச் சொல்லவில்லை. நீங்களாவது சொல்லுங்களேன்!