சரியாகச் சுரண்டாத தட்டு

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. எட்டு மாதம் என் கையைத்தான் பேராசிரியர் குற்றம் சொன்னார்.

முட்டைக்குள் வளரும் கோழிக்கருவின் குடலை எடுத்து, அதன் உட்படையை மட்டும் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்க்க வேண்டும். சுற்றியிருக்கும் தொடுப்பிழையம் வெறும் பொதி, ஒரு துளியும் ஒட்டியிருக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. நானும் ஒட்டாமல் பிரித்தேன். உயர்ந்து முதிர வேண்டிய உட்படையின் உயிர்க்கலங்கள் தட்டையாகப் படுத்து, மூன்று நாளில் செத்துப்போயின. அவை முதிராவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை.

ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "மீன் வெட்டுற கை. இந்த வேலைக்குச் சரிவராது."

எங்கள் ஊர் குருக்கள்மடத்தில் அம்மா சந்தையில் மீன் வெட்டிக் கொடுப்பவள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் பக்கத்தில் குந்தி, மணலை மீனின் குடலை அறாமல் ஒரே இழுப்பில் எடுத்தவள்தான். அந்தக் கைக்கு எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. அதைச் சொல்லாமல் அடுத்த முட்டையை உடைத்தேன். ஆத்திரத்தில் பாதி அவர் மேல், பாதி என் மேல்.

பிறகு ஒரு காலை ஏறாவூரிலிருந்து முட்டை பிந்தி வந்தது. பத்து மணிக்கு மின்வெட்டு. அவசரத்தில் கடைசித் தட்டுக்குரிய உட்படையில் ஒட்டியிருந்ததைச் சரியாகச் சுரண்டவில்லை. நான்காம் நாள் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், மற்றத் தட்டுகளில் எல்லாம் செத்த கலங்கள். அந்த ஒன்றில் மட்டும் அவை நிமிர்ந்து, வரிசை கட்டி, மடிப்பு மடிப்பாக எழும்பியிருந்தன. ஒவ்வொரு மடிப்புக்கு அடியிலும் நான் விட்டுப்போன தொடுப்பிழையம். உட்படை தன்பாட்டில் முதிர்வதில்லை, சுற்றியிருக்கும் இழையம் சொல்லித்தான் முதிர்கிறது. அதைத்தான் பொதி என்று எட்டு மாதம் எறிய வைத்திருக்கிறார்.

கொண்டுபோய்க் காட்டினேன். அசுத்தம், வீசு என்றார். நான் வீசவில்லை. வேண்டுமென்றே ஒட்டவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு முறையும் எழும்பின. படங்களை அவர் மேசையில் வைத்தேன்.

அடுத்த மாதக் கருத்தரங்கில் பேராசிரியர் பேசினார்; திரையில் நான் சரியாகச் சுரண்டாத அந்தத் தட்டு. தொடுப்பிழையத்தை விட்டுப் பார்க்கும் யோசனை தனக்கு ஆரம்பத்திலேயே இருந்ததாம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழும்பினேன்.

"சேர், அது நீங்க வீசச் சொன்ன தட்டு. மீன் வெட்டுற கைதான் வீசாம வெச்சிருந்தது."

பிறகு பேசலாம், இருங்கள் என்றார். நான் உட்காரவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் அவரை விட்டு என் பக்கம் திரும்பி, எத்தனை தட்டில் செய்து பார்த்தீர்கள் என்று கேட்டார். நின்றபடியே பதில் சொன்னேன்.