லூர்தம்மாள் பெயர் வெட்டிய டப்பா

மண்ணூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் நாலு குடித்தனம். எங்களுக்கு அடுத்த வீடு லூர்தம்மாள் அக்காவுடையது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை. காலை ஆறு மணிக்கு நீலச் சேலையும் கழுத்தில் அட்டையுமாகக் கிளம்பினால் மூன்று மணிக்குத் திரும்புவார். முகம் கழுவி, டீ போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். சீரியலில் வரும் மாமியாரை அவர் "நீ நல்லா இருப்பியாடி" என்று திட்டுவது சுவரைத் தாண்டிக் கேட்கும். நானும் என் பெண்டாட்டி இந்திராணியும் சிரிப்போம். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதென்றால் என் யோக்கியதையையும் எழுதியாக வேண்டும்.

இரண்டாயிரத்து மூன்று ஆடியில் எங்கள் கம்பெனியில் ஓ.டி.யை நிறுத்தினார்கள். அதே மாதம் கேபிள்காரர் சந்தாவை ஏற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேபிளை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்; டிவி பார்க்காமல் செத்தா போயிருப்போம்? ஆனால் பெண்டாட்டியிடம் "முடியவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய கவர்னர் பாருங்கள். கேபிள் வசூலுக்கு வந்த கோதண்டத்தைத் தெருமுனையிலேயே மடக்கி, "பொண்ணுக்குப் பரீட்சைப்பா, லைனைக் கட் பண்ணிடு" என்றேன். ஊரில் எல்லாரும் சொல்லும் காரணம்தான். அவனும் நம்பினான்.

வார லீவன்று மதியம் மொட்டை மாடிக்குப் போனேன். எங்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டித்தான் லூர்தம்மாள் அக்காவின் கேபிள் ஒயர் போகும். கம்பெனியில் நான் செய்வதே ஒயரிங் வேலை. அவர் ஒயரில் இரண்டு குண்டூசி குத்தி, அதிலிருந்து எங்கள் வீட்டு ஒயருக்கு இழுத்து, மேலே கறுப்பு டேப் சுற்றினேன். கீழே வந்து போட்டால் படம் ஜம்மென்று வந்தது. கேபிள் ஆபீசில் பேசிப் பாதி ரேட்டுக்கு முடித்துவிட்டேன், இனி நானே போய்க் கட்டிவிடுவேன் என்று இந்திராணியிடம் அளந்தேன். "பரவாயில்லியே, உங்களுக்கும் பேசத் தெரியுதே" என்று மெச்சினாள்.

பத்து நாள் கழித்து லூர்தம்மாள் அக்கா வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, டிவில ஒரே புள்ளியா அடிக்குது, மூஞ்சியே தெரியல. கோதண்டத்தைக் கேட்டா செட்டுலதான் கோளாறுன்றான். நீ கொஞ்சம் வந்து பாரேன்."

போனேன். திருகினேன், பின்னால் தட்டினேன், பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினேன். "செட்டு பழசாயிடுச்சுக்கா, பிக்சர் டியூப் வீக்கு" என்றேன். அவர் டீ கொடுத்தார். அதையும் குடித்துவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா டிவியை ஆட்டோவில் வைத்து ஸ்ரீபெரும்புதூருக்கு எடுத்துப் போய் மெக்கானிக்கிடம் காட்டி, கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தார். வந்தும் அதே புள்ளிதான். அப்புறம் என்னிடம் அவர் கேட்கவே இல்லை. குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வருவது நின்றுபோனது. இந்திராணி சிரித்தால் சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

பொங்கல் வந்தது. கேபிள்காரரின் லோக்கல் சேனலில், சந்தாதாரர்கள் ஆபீசுக்கு வந்து எவர்சில்வர் டப்பா வாங்கிக்கொள்ளலாம் என்று எழுத்து ஓடியிருக்கிறது. நான் ஷிப்டில் இருந்தேன். இந்திராணி பட்டுச் சேலை கட்டி, எங்கள் பெண் ஸ்ரீமதியையும் கூட்டிக்கொண்டு, லூர்தம்மாள் அக்காவோடு கிளம்பிப் போயிருக்கிறாள். அங்கே நடந்ததை அவள் வாயால்தான் கேட்டேன்.

கோதண்டம் நோட்டைப் புரட்டினானாம். "உங்க பேர்ல லைனே இல்லியேமா. பொண்ணுக்குப் பரீட்சைனு உங்க வூட்டுக்காரர்தானே ஆடிலயே கட் பண்ணச் சொன்னாரு?"

ஸ்ரீமதி படித்தது நாலாங்கிளாஸ். வரிசையில் யாரோ, "நாலாங்கிளாசுக்கு இன்னாய்யா பரீட்சை?" என்று கேட்க, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். குழந்தை சும்மா இருக்கக் கூடாதா? "எங்க வூட்டுல தெனமும் டிவி ஓடுதே!" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறது. இந்திராணிக்கு அப்போதுதான் என் புளுகு விளங்கியிருக்கிறது.

லூர்தம்மாள் அக்கா முன்னால் வந்தாராம். "ஏய் கோதண்டம், இன்னா, கோர்ட்டு வச்சிகினு கீறியா? என் லைன்லேர்ந்து நான்தான் குடுத்தேன், புள்ளை பாக்கட்டும்னு. தப்புன்னா என் லைனையும் வெட்டு. எனக்குண்டான டப்பாவ அவ கையில குடு."

பக்கத்திலேயே பெயர் வெட்டுகிறவர் மிஷினோடு உட்கார்ந்திருந்தார். நோட்டில் இருந்த பெயரைத்தான் டப்பா மூடியில் வெட்டினார்: லூர்தம்மாள்.

நான் வீடு திரும்பியபோது டப்பா டிவி மேல் இருந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டு இந்திராணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தக்கா எப்பங்க நமக்கு லைன் குடுத்தாங்க?"

நான் மாடிக்குப் போய்க் குண்டூசிகளைப் பிடுங்கினேன். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அக்காவின் டிவியில் படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அவர் என்னைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"வடாம் காய வைக்கப் போனப்பவே பாத்துட்டேன் தம்பி. மெக்கானிக்குக்குக் குடுத்துட்டு வந்த மறுவாரம். எடுத்தா எடுத்துக்கோ, புள்ளை பாக்குது, போவட்டும்னு வுட்டுட்டேன். ஆனா எதிர்ல உக்காந்து, என் டீயைக் குடிச்சிகினு, செட்டு பழசுன்னு சொன்ன பாரு..."

மெக்கானிக்குக்குக் கொடுத்ததை நான் தந்துவிடுகிறேன் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. டப்பாவை நீட்டினேன். "அது இந்திராணிக்குக் குடுத்தது. நீ யாரு திருப்பிக் குடுக்க?" என்றார்.

மறுநாளிலிருந்து இந்திராணி அந்த டப்பாவில்தான் எனக்குச் சோறு கட்டுகிறாள். இரண்டு முறை பரண்மேல் ஒளித்து வைத்தேன். இறக்கித் தேய்த்துக் கழுவி அதிலேயே கட்டினாள். கம்பெனியில் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்காருகிற இசக்கிபாண்டி, தூத்துக்குடிப் பையன், மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, லூர்தம்மாள்னா யாரு?" என்று கேட்டான். கடைக்காரன் பெயர் மாற்றி வெட்டிவிட்டான் என்றேன். வேறொருவர் கேட்டபோது வேறொன்று சொன்னேன்.

சாயங்காலம் டப்பாவைக் கழுவப் போடும்போது, "இன்னிக்கு யார்னா கேட்டாங்களா?" என்பாள் இந்திராணி. இல்லை என்பேன். அதுவும் பொய் என்று அவளுக்குத் தெரியும்.