கொஞ்சம் சேதம்

சித்தப்பாவைக் கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றும்போதுதான் எனக்கு அது பொட்டென்று உறைத்தது. இடுப்பெலும்பு முறிந்து கிடந்த மனிதர். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"கொஞ்சம் வலிக்குது கண்ணு."

இதே 'கொஞ்சம்'தானே காட்டிலாகா ஆபீசுக்கும் போனது!

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையை ஒட்டி எங்கள் தோட்டம். மாசியில் யானைகள் இறங்கிப் பாதி வாழையைச் சாய்த்துவிட்டுப் போயின. காவலுக்கு ஆள் கேட்டு இங்கிலீஷில் மனு எழுத வேண்டும். கோயமுத்தூர் காலேஜில் படிக்கிறவன் நான்தான். அப்போது எனக்கு இந்தச் சின்ன அளவுச் சொற்களின் மேல் ஒரே பைத்தியம். 'ஸ்லைட்லி' எங்கே வரும், 'சம்வாட்' எங்கே வரும், 'லிட்டில்' முன்னால் ஒரு 'எ' போட்டால் சிறிது உண்டு, போடாவிட்டால் அநேகமாக இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டுகூட இதையே முணுமுணுப்பேன்.

பெருத்த சேதம் என்றுதான் முதலில் எழுதினேன். அப்பா அர்த்தம் சொல்லச் சொன்னார். சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"ஆபீசருகிட்ட இப்படியாடா பேசுவாங்க? சண்டைக்குப் போற மாதிரி இருக்குது. கொஞ்சம் சேதமுங்கன்னு போடு."

"இங்கிலீசுல கொஞ்சம்னா கொஞ்சந்தானுங்கப்பா."

"இங்கிலீசுக்காரன் போயாச்சு. இப்ப இருக்கறது நம்மாளு. அவிய புரிஞ்சுக்குவாங்க."

சித்தப்பா சிரித்தார். "ஆனைக்கும் ஒரு 'ங்க' சேத்திப்போடு கண்ணு, கோவிச்சுக்கப் போகுது."

'ஸ்லைட் டேமேஜ்' என்றே மனு போனது. சேதம் சொற்பம் என்பதால் காவலாள் தேவையில்லை என்று பதில் வந்தது. ஆபீசர் நம்மாள்தான். ஆனால் அவர் படித்தது காகிதத்தை. எங்கள் ஊரில் ஒருவர் 'கொஞ்சம்' என்றால் கேட்கிறவர் அவர் முகத்தைப் பார்ப்பார், மீதியைத் தானே சேர்த்துக்கொள்வார். அங்கே பார்க்க எந்த முகமும் இல்லை.

ஆள் வராததால் சித்தப்பாவே பரணில் காவல் இருந்தார். யானை பரண் காலைச் சாய்த்துவிட்டது. விடிந்த பிறகுதான் அவரைக் கண்டோம்.

ஆஸ்பத்திரியில், இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு வந்து பரணுக்குப் புதுக் கால் செதுக்க ஆரம்பித்தார். நாளை மறுநாள் அவரே ஏறப்போகிறாராம். வேண்டாம் என்றால், "மிச்ச வாழைய ஆரு பாக்கறது?" என்கிறார்.

இன்னொரு மனு எழுத உட்கார்ந்தேன். அப்பா உளியோடு வந்து நின்றார்.

"இப்ப என்னன்னு போடறே?"

"ரொம்பன்னு போட்டா ஒத்துக்குவீங்களா?"

யோசித்தார். "அது வேண்டாம். மருவாதியா இருக்காது."

ரொம்பவும் போடவில்லை, கொஞ்சமும் போடவில்லை. எந்த வரிசையிலிருந்து எந்த வரிசை வரை வாழை இல்லை, சித்தப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது, அடுத்து அந்தப் பரணில் ஏறப்போவது யார், இவ்வளவுதான் எழுதினேன். அளவு சொல்ல ஒரு சொல்கூட இல்லை. மரியாதையை மேலே விலாசத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

தபாலில் போடப் போவதில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுபோகிறேன். ஆபீசர் படித்து முடிக்கும் வரை மேஜைக்கு முன்னால் நிற்பேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார். கூட்டிப்போகத்தான் வேண்டும், ஆபீசர் அந்த முகத்தையும் பார்க்கட்டும். ஆனால், "எவ்வளவுய்யா சேதம்?" என்று அவர் கேட்டால், அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.