ஒரு வேனுக்கு ஒரு செயலி

அப்பா ஈஜோக்கில் பழைய தோட்டத்து லயத்திலேயே, தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதால் வாரம் மூன்று முறை கோல சிலாங்கூரில் உள்ள மையத்துக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துவர வேண்டும். தவறினால் உயிருக்கே ஆபத்து. மையத்தின் வேன் வந்து ஏற்றிப்போகும். கடைசி வீட்டு அக்காவின் மாமியாரும் அதே வேனில்தான் போவார்.

முதல் நாள் மாலையே வேன்காரர் வாட்ஸ்அப்பில் குரல் கொடுப்பார்: “நாளைக்கு யாருலா வரீங்க?” அக்கா பதில் போடுவார்: “ரெண்டு பேருண்ணே.” அவ்வளவுதான். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது.

பிறகு மையம் ஒரு செயலி கேட்டது. வேலை ரவாங்கில் நான் நிரல் எழுதும் அலுவலகத்துக்கே வந்தது. முதல் கூட்டத்திலேயே சொன்னேன், “ஒரு வேன், ஒரு டிரைவர். ஒரு பட்டியல் போதும்லா.” எங்கள் தலைவர் சிரித்தார். “நாளைக்கு நாடு முழுக்கப் போகும். இப்பவே அதுக்கு ரெடியா கட்டணும்.” வேறென்ன, கட்டினார்கள். வழியைக் கணக்குப் போட ஒரு பகுதி, இருக்கை ஒதுக்க ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்குச் சம்பளம் வாங்கும் கூட்டம் நாங்கள். ஒரே ஆள் இரண்டு முறை பதிந்துவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு பகுதி. ஒரே தொலைபேசி எண்ணில் இரண்டு பேர் இருந்தால் இரண்டாவது பெயரை அது தானாகவே நீக்கிவிடும். அதை வேறொருவர் எழுதினார். நான் எழுதியது பச்சைப் பொத்தான் வைத்த முகப்புப் பக்கம் மட்டும்.

லயத்தில் எந்த விண்ணப்பப் பாரம் நிரப்பினாலும் கடைசி வீட்டு அக்காவின் எண்ணைத்தான் கொடுப்பார்கள். அவர்தான் அழைத்தால் எடுப்பார். அப்பாவின் கைப்பேசி சாமிப்படத்துக்குப் பக்கத்தில் அணைந்தே கிடக்கும். மாமியாருக்கும் அந்த எண், அப்பாவுக்கும் அந்த எண்.

செயலி ஓடத் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை அக்காவின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அதில் மாமியாரின் பெயர் மட்டும் இருந்தது. வேன் அப்பா இல்லாமல் கிளம்பியது. எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலை நேரத்தில் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். சனி, ஞாயிறு மையம் கிடையாது. ஞாயிறு மாலை நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார்.

நான் அழவில்லை. அலுவலகத்தில் அனுதாபம் சொன்னார்கள். அடுத்த வாரமே பிழையைத் திருத்த இன்னொரு பகுதி கட்டுவது என்று முடிவாயிற்று. கைரேகை வைத்து ஆளை அடையாளம் காணுமாம். அடப்பாவிகளா என்று கத்தியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வேன்காரர் வந்தார். செயலியில் பெயர் இல்லை என்று அவர்தான் அப்பாவை ஏற்றாமல் விட்டுவிட்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“நான் ஏறச் சொன்னேம்மா. வேன்ல பாதி சீட்டு காலி. கையப் புடிச்சும் இழுத்தேன். ஐயா கேக்கல.”

“ஏண்ணே?”

“‘இது என் மவ செஞ்சது தம்பி, தப்பா இருக்காது. அதுல என் பேரு இல்லன்னா இன்னைக்கு எனக்கு இல்லதான்’னுட்டு வீட்டுக்குள்ள போயிட்டாரு. சிரிச்சிக்கிட்டேதான் போனாரு.”

இலை போட்டாகிவிட்டது, சாப்பிட வாருங்கள் என்று அவரை உள்ளே அழைத்துப் போனேன்.