விழுந்ததற்கு ஒரு மார்க்

கோச்சடையில் நான் மூட்டுவலிக்குப் போகும் பிசியோதெரபி கூடத்தில், வாக்கரைப் பிடித்தபடி ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கைபேசியில் எப்போதும் பனிச்சறுக்கு நடனப் போட்டி. நடுவர்கள் மார்க் சொல்வதற்குள், சிகிச்சை அட்டையின் பின்பக்கம் தன்னுடைய மார்க்கை எழுதிவிடுவார். ஓடாமல் ஆடாமலே மூட்டைத் தேய்த்துக்கொண்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

அன்று ஒரு பெண் சுழன்று குதித்து, விழுந்து, எழுந்து ஆடினாள்.

“அம்புட்டும் போச்சா?” என்றேன்.

“விழுந்ததுக்குத் தனியா ஒரு மார்க் குறைப்பாய்ங்க தம்பி. மிச்ச ஆட்டத்துக்கு உள்ளதைக் குடுத்துருவாய்ங்க” என்றவர், கைபேசியை அணைத்தார். “நானும் பாத்ரூம்ல ஒரு தடவைதேன் விழுந்தேன். மகன் வெளிநாட்டுலருந்து வந்து வீட்டைப் பூட்டி, என்னைய முதியோர் இல்லத்துல சேத்துட்டுப் போயிட்டான். நீங்க ஜட்ஜா இருந்தா எம்புட்டுக் குறைப்பீங்க?”

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். “வந்து சொல்றேன்யா” என்று தப்பித்தேன். திரும்பி வந்தபோது இல்லத்து வேன் அவரை ஏற்றிப் போயிருந்தது.

அதன்பின் அவர் வரவில்லை. எனக்கு மூட்டு சரியாகிவிட்டதாம். இருந்தும் வாரம் ஒருமுறை போய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு மார்க்தான் குறைப்பேன் என்று சொல்வதற்காக.